கடைத் தொட்டியில் பச்சை, வீட்டுத் தொட்டியில் பழுப்பு

சென்னை கொளத்தூரில் எந்த வண்ணமீன் கடைக்குள் நுழைந்தாலும் மீன்களுக்கு நடுவே செடிகளுக்கென்று ஓரிரு தொட்டிகள் இருக்கும். அடியில் ஈயப் பட்டை சுற்றிய கட்டுகள், பிளாஸ்டிக் கிண்ணத்தில் பஞ்சுபோன்ற பொருளில் வேர்விட்டவை, வேர் இல்லாமல் மேலே மிதப்பவை என்று எல்லாம் கலந்து கிடக்கும். அவற்றில் முதலில் கண்ணில் படுவது வெள்ளை வரி ஓடிய இலை, ஊதா நிற இலை, வளைத்து விட்ட மூங்கில் தண்டு. புதிதாகத் தொட்டி வைத்தவரின் கை நேராக அங்கேதான் போகும்.

"இது தண்ணிக்குள்ளயே இருக்குமாண்ணா?"

"இருக்கும் சார், ஒண்ணும் ஆகாது."

கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. கொஞ்ச நாள் இருக்கத்தான் செய்யும். 'லக்கி பாம்பூ' என்று விற்கப்படுவது மூங்கிலே அல்ல. டிரசீனா வகையைச் சேர்ந்த ஆப்பிரிக்கத் தரைச்செடி. வேர் மட்டும் தண்ணீரில் இருந்து இலை வெளியே இருந்தால் வருடக்கணக்கில் வாழும். தலைவரை மூழ்கடித்தால் ஒன்றிரண்டு மாதத்தில் தண்டு மஞ்சளாகி, தொட்டால் கையோடு வழுக்கிக்கொண்டு வரும். சின்கோனியம், ஃபிட்டோனியா, கலேடியம், பீஸ் லில்லி போன்ற தொட்டிச் செடிகளும் இதே வரிசைதான். சிவப்புப் பொன்னாங்கண்ணியைக்கூட மீன் தொட்டிச் செடியாகக் கட்டி விற்கிறார்கள். பொன்னாங்கண்ணியின் உறவில் ஆல்டர்நாந்தெரா ரெய்னெக்கி என்றொரு தென்னமெரிக்கச் செடி உண்மையிலேயே தண்ணீருக்குள் வளரக்கூடியது; அதன் பெயரில் கீரைக்கட்டு போய்ச் சேருகிறது. சமைத்துச் சாப்பிட்டிருந்தால் பயனாவது இருந்திருக்கும்.

தரைச்செடி ஏன் தண்ணீருக்குள் திணறுகிறது? அதன் இலைமேல் மெழுகுப் பூச்சு உண்டு. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகாமல் காப்பது அதுதான். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு இலைத்துளைகள் வழியே உள்ளே போகிறது. தண்ணீரில் அதே வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மெழுகு பூசிய தடித்த இலைக்குப் பட்டினிதான் மிச்சம். நீர்ச்செடியோ இலையை மெல்லியதாக்கி, பூச்சைக் குறைத்து, இலைப்பரப்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்கிறது.

இதை வைத்தே கடையில் ஒரு சோதனை செய்யலாம். செடியைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்தால், நீருக்குள்ளேயே வளர்ந்தது ஈரத்துணி மாதிரி தொங்கிவிடும். தரைச்செடி விறைப்பாக நிற்கும், இலைமேல் தண்ணீர் முத்து முத்தாக உருளும். விதிவிலக்கு உண்டு. அனுபியாஸ் என்ற நீர்ச்செடியின் இலை எப்போதுமே விறைப்பு. பண்ணையில் நீருக்கு வெளியே வளர்க்கப்பட்ட நல்ல நீர்ச்செடிகளும் விறைப்பாகவே நிற்கும்.

அந்த இரண்டாவது விதிவிலக்கைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். வாங்கியவர்கள் மனமொடிந்து பிளாஸ்டிக் செடிக்குத் தாவுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மீன் தொட்டிக்கு விற்கப்படும் செடிகளில் பல உண்மையில் சதுப்புநிலச் செடிகள். மழைக்காலத்தில் மூழ்கியும் வெயில் காலத்தில் சேற்றில் நின்றும் இரண்டு விதமாகவும் வாழத் தெரிந்தவை. பண்ணைக்காரர்கள் அவற்றை ஈரப்பதம் நிறைந்த கொட்டகையில், வேர் மட்டும் நனைய, காற்றில் வளர்க்கிறார்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடுக்குப் பஞ்சமில்லை, பாசி பிடிக்காது, வேகமாக வளரும். வீட்டில் கொண்டுவந்து மூழ்கடித்த சில நாட்களில் அந்தக் காற்றுக்கால இலைகள் ஓட்டை விழுந்து, கண்ணாடிபோல் ஆகி, கரைந்துபோகும். செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறார்கள். எறிந்த செடியின் குருத்தைப் பிரித்துப் பார்த்தால் மெல்லிய, வேறு வடிவப் புது இலை ஒன்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வாட்டர் விஸ்டேரியா என்று கடையில் சொல்லப்படும் ஹைக்ரோஃபிலா டிஃபார்மிஸ் இதை வெளிச்சம் போட்டுக் காட்டும் செடி. இந்தியத் துணைக்கண்டத்துச் சொந்தக்காரி. நம் ஊர் நீர்முள்ளிக்குப் பங்காளி. காற்றில் வளரும்போது இலை முழுசாக, ஓரத்தில் மட்டும் பல் வெட்டியது போல இருக்கும். மூழ்கிய பிறகு வரும் இலையோ நடுநரம்புவரை ஆழமாகப் பிளந்து கிளைகிளையாய் விரியும். ஒரே தண்டில் கீழே முழு இலையும் மேலே பிளந்த இலையும் இருந்தால், அது கடைத் தண்ணீரில் சில வாரம் பழகிவிட்ட செடி. வாங்க வேண்டியது அந்தத் தண்டைத்தான். முழு இலை மட்டும் பளபளவென்று இருக்கும் கட்டு நேற்றுத்தான் பண்ணையிலிருந்து வந்திருக்கும்.

கிரிப்டோகரைன் இன்னும் ஒரு படி மேலே. இடம் மாறினாலும் கரையும், தண்ணீர் மாறினாலும் கரையும், சில சமயம் விளக்கை மாற்றினாலும் கரையும். மொத்த இலையும் ஒரு வாரத்தில் கூழாகிப் போவது உண்டு. வேரைத் தொடாமல், அழுகிய இலைகளை மட்டும் கத்தரித்து வெளியே எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் மணலிலிருந்து சுருண்ட பழுப்புக் குருத்துகள் கிளம்பும். அதன்பின் அசைக்காமல் விட்டால் வருடக்கணக்கில் அதே இடத்தில் புதராகும். இதை எழுதுபவரின் தொட்டியில் விலைக்கு மேல் பலன் தந்த செடி எது என்று கேட்டால் பதில் கிரிப்டோகரைன் வெண்ட்டிதான்.

அது இலங்கைச் செடி. கிரிப்டோகரைன் இனத்தில் வெண்ட்டி, பெக்கெட்டி, வாக்கெரி, மிகச் சிறியதான பார்வா எல்லாம் இலங்கையில் மட்டுமே இயற்கையாக விளைபவை. வெண்ட்டிக்கு 1958-இல் பெயர் வைத்தவர் டச்சுத் தாவரவியலாளர் டி விட். காட்டோடைகளில் மரநிழலில் வளர்ந்து பழகியதால் மங்கலான வெளிச்சமே போதும். வெக்கை பழகிய உடம்பு. சென்னைக்கு இதைவிடப் பொருத்தமான நடுத்தொட்டிச் செடி கிடைப்பது கடினம். பண்ணையில் வளர்ந்ததைக் கேட்டு வாங்குவது நல்லது. ஓடையிலிருந்து பிடுங்கி வந்தவை சீக்கிரம் பழகுவதும் இல்லை; சின்னத் தீவின் சில ஓடைகளில் மட்டும் இருக்கும் செடியை அள்ளிக்கொண்டு வருவது நியாயமும் இல்லை. நம் பக்கத்திலும் இந்த இனம் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் நாட்டு அதிவிடயம் என்று கிழங்காக விற்கும் கிரிப்டோகரைன் ஸ்பைராலிஸ், வயல் ஓரத்திலும் வாய்க்காலிலும் நீண்ட இலையோடு நிற்கும்.

செடியைப் பார்த்துவிட்டு வந்தபின் பார்க்க வேண்டியது வீட்டுத் தண்ணீர். வரிசைப்படி இது முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் யாரும் அப்படி வாங்குவதில்லை.

சென்னை வீடுகளில் மூன்று வகைத் தண்ணீர் ஓடுகிறது. போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவு கட்டினால் அது சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர் என்று அர்த்தம். அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். இந்தத் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். செடியைச் சரியாகத் தேர்ந்தால் பயத்துக்கு இடமே இல்லை. தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு தீர்ந்துபோனாலும், கடின நீரில் இருக்கும் பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் திறமை சில செடிகளுக்கு உண்டு. வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட் மூன்றும் அந்தக் கூட்டம். கபோம்பாவுக்கும் மாஸ் எனப்படும் பாசிச்செடிகளுக்கும் அந்தத் திறமை இல்லை. பக்கத்து வீட்டில் செழித்த கபோம்பா நம் வீட்டில் ஊசி ஊசியாக உதிர்வதற்கு இது ஒரு காரணம்.

வாலிஸ்நேரியாவைப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நீர்வழி மகரந்தச் சேர்க்கைக்கு உதாரணமாக வரும் செடி. புனலைக் கவிழ்த்து அதன்மேல் சோதனைக் குழாயை வைத்து ஆக்சிஜன் குமிழி பிடித்த பரிசோதனையின் நாயகி ஹைட்ரில்லா. பாடப்புத்தகம் இந்த இரண்டையும் தேர்ந்ததில் ஒரு செய்தி இருக்கிறது: எந்த ஊரிலும், எந்தத் தண்ணீரிலும், எந்தக் கையிலும் பிழைப்பவை.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் ஓர் இரவு திறந்து வைத்தோ, கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு விட்டோ ஊற்றலாம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதுதான் பலரும் நல்லது என்று நினைத்துச் செய்வது. கால்சியமும் மக்னீசியமும் வடிந்துபோன அந்தத் தண்ணீரில் குருத்து கோணலாக வரும். பாதிக்குப் பாதி போர் தண்ணீரோடு கலந்தால் தீர்ந்தது.

வெயில் இரண்டாவது விஷயம். மே மாதத்தில் சென்னைத் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரி காட்டுவது சாதாரணம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.6 தான். செடி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் மீனைப் போலவே ஆக்சிஜனை மூச்சாக இழுக்கும். அடர்ந்த தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்றால் காரணம் இதுதான். காற்று மோட்டாரைப் பகலில் போட்டு இரவில் அணைப்பவர்கள் அதைத் தலைகீழாக்க வேண்டும்.

இந்த வெக்கையில் அடிபடும் செடிகளின் பட்டியலில் நம் ஊர்க்காரியும் ஒருத்தி உண்டு. ரோட்டாலா மக்ராண்ட்ரா தென்னிந்தியாவைச் சொந்த ஊராகக் கொண்டது. ரத்தச் சிவப்பில், பார்த்தவுடன் வாங்கத் தூண்டும். பலத்த விளக்கும், தனியாக ஏற்றும் கார்பன் டை ஆக்சைடும், மிதமான குளிர்ச்சியும் இல்லாமல் அந்தச் சிவப்பு நிற்காது. சொந்த ஊர்ச் செடி என்பதால் எளிதாக வளரும் என்ற கணக்கு இங்கே செல்லாது. அதே நேரம் நீர்ப்பிரமி, ஞாபகசக்திக்கென்று நாட்டு மருந்தில் சேர்க்கும் அதே பிரமி, பகோப்பா மொனியேரி என்ற பெயரில் உலகம் முழுக்க மீன் தொட்டிகளில் நிற்கிறது. குட்டிக் கொழுத்த இலையோடு நேராக நிமிர்ந்து மெதுவாக வளரும். உப்பேறிய தண்ணீரும் அதை ஒன்றும் செய்வதில்லை. வாய்க்கால் ஓரத்தில் இலவசமாகக் கிடைக்கும். பூச்சிமருந்து தெளித்த வயலுக்குப் பக்கத்தில் மட்டும் பறிக்கக் கூடாது. செடிக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் தொட்டியில் இருக்கும் இறால் ஒன்றுகூட மிஞ்சாது.

குளத்திலிருந்து வரக்கூடிய இன்னொன்று கொட்டி. மூதுரையில் ஔவையார் ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்த்துச் சொன்ன அதே கொட்டிதான்; தாவரவியலில் அப்போனோகெட்டான். கிழங்கை மணல்மேல் வைத்தால் போதும், சில நாளில் இலை கிளம்பும், கொஞ்சம் பெரிதானதும் தண்ணீர்மேல் மிதக்கும் இலையும் பூத்தண்டும் வரும். குளம் வற்றும் காலத்தில் கிழங்காகச் சேற்றில் தூங்குவது அதன் பழக்கம். தொட்டியில் தண்ணீர் வற்றாவிட்டாலும் சில மாதத்தில் இலையை உதிர்த்துவிட்டு ஓய்வெடுக்கும். அழுகவில்லை, தூங்குகிறது, கிழங்கை அமுக்கிப் பார்த்தால் கெட்டியாக இருக்கும். ஈர மணலில் எடுத்து வைத்துவிட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்துத் திரும்ப வைக்கலாம். இதன் உறவான அப்போனோகெட்டான் கிரிஸ்பஸ் இலங்கையிலும் இந்தியாவிலும் உண்டு. அலை அலையான இலை, கடைகளில் கிழங்காகவே கிடைக்கும்.

செடிகளை வைத்துத் தொட்டித் தண்ணீரைக் கெடாமல் காக்கலாம் என்பதை முதலில் ஒழுங்காகச் சோதித்து எழுதியவர்களில் ஒருவர் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். 1850-இல் வெளியான அவருடைய குறிப்பில் இருப்பவை இரண்டு தங்கமீன்களும் வாலிஸ்நேரியாவும் நத்தைகளும்தான். முதலில் மீனும் செடியும் மட்டும் வைத்தார். உதிர்ந்த இலை அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்டதும் அவை அழுகலைத் தின்று தண்ணீரைத் தெளிவாக்கின. இன்றும் நத்தையைக் கண்டாலே நசுக்குகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். நத்தை பெருகுவது, போடும் தீனி மிஞ்சுகிறது என்பதன் கணக்கு.

வாரிங்டனுக்கு அன்று கண்ணுக்குத் தெரியாதது அம்மோனியா. மீன் கழிவிலிருந்து வரும் இந்த நஞ்சைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியாக் கூட்டம் தேற நாலைந்து வாரமாகும். நீர்ச்செடிகளில் பெரும்பாலானவை நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே முதலில் விரும்பி எடுப்பவை. ஆகவே தொட்டியை நிரப்பத் தொடங்கும்போது வேகமாக வளரும் மலிவான செடிகளையே முதல் நாளில் அடர்த்தியாக நட வேண்டும். ஹார்ன்வொர்ட், கப்பி கிராஸ், வாட்டர் விஸ்டேரியா, ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா. அழகு பிறகு வரட்டும். 'இரண்டு செடி வைத்துப் பார்ப்போம், பிழைத்தால் மீதி வாங்கலாம்' என்று தொடங்குகிறவர்களின் தொட்டியில் அந்த இரண்டு செடிக்கு மிஞ்சிய வெளிச்சத்தையும் சத்தையும் பாசி எடுத்துக்கொள்கிறது. சிக்கனமாகத் தெரியும் வழிதான் கடைசியில் செலவு வைக்கிறது.

ஒரு கணக்குக்கு, வீடுகளில் பரவலாக இருக்கும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். முழுக்க நிரப்பினால் சுமார் 70 லிட்டர். மணலும் கல்லும் போக 60 பிடிக்கும். பின்சுவரை ஒட்டி வாலிஸ்நேரியா பத்துப் பன்னிரண்டு, ஒரு மூலையில் வாட்டர் விஸ்டேரியா இரண்டு கட்டு, நடுவே கிரிப்டோகரைன் ஐந்தாறு, ஒரு மரக்கட்டையில் கட்டிய அனுபியாஸ் ஒன்று, மேலே ஒரு பிடி ஹார்ன்வொர்ட். அவ்வளவுதான். மணலில் முக்கால் பங்கு தெரியாத அளவுக்கு மூடியிருக்கும். ஓடுதண்டு விட்டு வாலிஸ்நேரியா தானாகவே சுவர் முழுக்கப் பரவும். இடம் கேட்கும்போது ஹார்ன்வொர்ட்டை வெளியே எடுத்துவிடலாம். வகைக்கு ஒன்றாகப் பதினைந்து செடி வைத்த தொட்டி நர்சரியின் மாதிரி மேசைபோல் இருக்கும்; நாலு வகையைக் கும்பலாக வைத்தது குளத்தின் ஓரம்போல் இருக்கும். இது ரசனை சார்ந்த பேச்சுதான், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

நடும்போது சின்னச் சின்ன விஷயங்கள் செடியின் தலையெழுத்தை மாற்றும். கிண்ணத்தோடு வந்த பஞ்சை முழுவதும் பிரித்தெடுக்க வேண்டும். கட்டாக வந்த தண்டுகளின் ஈயப் பட்டையைக் கழற்றி, நசுங்கிய அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே இரண்டு விரற்கடை இடைவெளியில் ஊன்ற வேண்டும். கட்டாகவே நட்டால் நடுவில் வெளிச்சம் படாத தண்டுகள் அழுகி மற்றவற்றையும் கெடுக்கும். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மணலில் நடவே கூடாதவை. இஞ்சியைப் போலப் படுத்துக் கிடக்கும் தடித்த தண்டு அவற்றுக்கு உண்டு. அது புதைந்தால் அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டலாம், ஒரு சொட்டு சூப்பர் குளூ வைத்தும் ஒட்டலாம். காய்ந்தபின் அது மீனுக்குக் கெடுதல் இல்லை. ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் நோய் என்று வெட்டிவிடாதீர்கள். அவை வித்துத் திரள்கள். இலை நுனியிலேயே குட்டிச்செடி முளைப்பதையும் பார்க்கலாம்.

வாலிஸ்நேரியா, கிரிப்டோகரைன், அமேசான் ஸ்வார்ட் மூன்றும் வேரால் சாப்பிடுகிறவை. வெறும் கழுவிய மணலில் அவை கொஞ்ச நாளில் வெளுக்கும். கடையில் கிடைக்கும் உரவில்லையை வேரருகே புதைக்கலாம். அமெரிக்க எழுத்தாளர் டயானா வால்ஸ்டாட் 1999-இல் வெளியிட்ட நூல் பிரபலமாக்கிய வழி இன்னும் மலிவு: அடியில் ஓர் அங்குலம் தோட்ட மண், மேலே ஓர் அங்குலம் மணல், அடர்ந்த செடி, குறைந்த கருவி. அதில் ஒரே நிபந்தனை, மண்ணை அடிக்கடி கிளறக் கூடாது. மணல் வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பார்ப்பது நல்லது. நுரைத்தால் அதில் சிப்பியோ சுண்ணாம்புக்கல்லோ கலந்திருக்கிறது. ஏற்கெனவே கடினமான தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும்.

இலையைப் படிக்கப் பழகினால் உரக்கடையில் பாதிச் செலவு மிச்சம். பழைய, கீழ் இலைகள் மஞ்சளாகிப் புது இலை பச்சையாக வந்தால் நைட்ரஜன் போதவில்லை. செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. பழைய இலையில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்து ஓரம் மஞ்சளாவது பொட்டாசியக் குறை. குருத்தே வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறை. செடியால் இரும்பைப் பழைய இலையிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.

படத்தைப் பார்த்துச் செடி வாங்குகிறவர்கள் தகாஷி அமானோ யார் என்று தெரிந்துகொள்வது உதவும். 1954-இல் ஜப்பானின் நீகாத்தாவில் பிறந்தவர், முதலில் தொழில்முறை சைக்கிள் பந்தய வீரர், பிறகு புகைப்படக் கலைஞர். 1982-இல் தன் நிறுவனத்தைத் தொடங்கி, மலையையும் காட்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவரும் பாணியை உலகுக்குப் பழக்கினார். 2015-இல் லிஸ்பன் மீன்காட்சியகத்தில் அவர் அமைத்த நன்னீர்த் தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். அதே ஆண்டில் காலமானார். இணையத்தில் பார்க்கும் பசும்புல் கம்பளத் தொட்டிகள் பெரும்பாலும் அவர் வழி வந்தவை. அந்தக் கம்பளத்துக்கு அடியில் சிலிண்டரிலிருந்து ஓடும் கார்பன் டை ஆக்சைடு, பலமான விளக்கு, விலையுயர்ந்த மண், வாரம் தவறாத கத்தரிப்பு எல்லாம் இருக்கின்றன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கம்பளம் தூக்கிக்கொண்டு மிதக்கும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்வது மேல்.

விளக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம், டைமர் வைத்து, தினமும் ஒரே நேரத்தில். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டி வைத்தால் தண்ணீர் பச்சைச் சாயமாகும்.

மீனைப் பொறுத்தும் செடி மாறும். தங்கமீனும் சில்வர் டாலரும் மெல்லிய இலைகளைச் சாலட்டாக்கும். அவற்றோடு அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மட்டும் தாக்குப்பிடிக்கும், அவற்றின் தடித்த இலை மீன்களுக்குப் பிடிப்பதில்லை. பெரிய சிக்லிட்கள் தோண்டிப் போடும். கப்பி, மோலி, டெட்ரா வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை.

கடைச்செடியோடு அழையா விருந்தாளிகளும் வரும். திறந்தவெளித் தொட்டியில் வளர்ந்த கட்டை வெள்ளைத் தட்டில் உதறினால் சில சமயம் ஒரு சின்னப் பூச்சி நெளியும்: குச்சிபோன்ற உடல், ஆறு கால், வாலில் இலைபோன்ற மூன்று துடுப்புகள். ஊசித்தட்டானின் இளம்பருவம் அது. வாலில் துடுப்பு இல்லாமல் உருண்டு தடித்திருந்தால் பெரிய தட்டானுடையது. இரண்டுக்கும் கீழுதடு மடித்துவைத்த கைபோல இருக்கும். சட்டென்று நீட்டிக் கப்பிக் குஞ்சைப் பிடித்துவிடும். குஞ்சுகள் இரவோடிரவாகக் குறைந்துகொண்டே போகின்றன என்று புலம்புகிறவர்கள் செடிக்கு அடியில் தேட வேண்டும். பொட்டாசியம் பர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பாகக் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவைத்தால் பெரும்பாலான பூச்சிகள் விழும். நத்தை வேண்டாம் என்பவர்கள் படிகாரம் கரைத்த வாளியில் ஒரு நாள் போட்டு எடுக்கலாம். இலையின் பின்புறத்தில் ஜெல்லிபோல் ஒட்டிய நத்தை முட்டையை விரலால் வழித்தெடுப்பதுதான் நிச்சயம். இரண்டில் எதில் ஊறவைத்தாலும் நன்றாக அலசிவிட்டுத்தான் தொட்டியில் விட வேண்டும். திசு வளர்ப்பு முறையில் மூடிய டப்பாவில் வரும் செடிகளுக்கு இந்த வேலை எதுவும் கிடையாது. ஜெல்லைக் கழுவிவிட்டு நடலாம். இறால் வளர்ப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் விலை நியாயமானது.

பாசிக்கென்று விற்கும் 'திரவக் கார்பன்' மருந்தில் இருப்பது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு. வாலிஸ்நேரியா அதைத் தாங்காமல் கரையும். தொட்டியில் வாலிஸ்நேரியா இருந்தால் அந்தப் பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

எல்லாம் சரியாக நடந்தால் சில மாதத்தில் புதுப் பிரச்சினை முளைக்கும். செடி மிஞ்சிவிடும். வெட்டியதை எங்கே போடுவது? 2020 இறுதியில் கோழிக்கோடு மாவட்டம் ஆவள பாண்டி நீர்நிலை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து, படம் பரவி, கூட்டம் கூடியது. பூத்தது கபோம்பா ஃபர்க்காட்டா. அமெரிக்கக் கண்டத்திலிருந்து மீன் தொட்டிகளுக்காக உலகமெங்கும் போன செடி. வாய்க்காலை அடைத்துக்கொண்டு படரும் களையை மக்கள் பூந்தோட்டமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்த்திசையிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1950-களில் இலங்கையிலிருந்து மீன் தொட்டிச் செடியாக அமெரிக்கா போன ஹைட்ரில்லா, ஃபுளோரிடாவின் கால்வாய்களில் இறங்கி இன்றுவரை அரசுப் பணத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. நம் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா அங்கே மத்திய அரசின் தீங்குக் களைப் பட்டியலில் இருக்கிறது. இவற்றுக்கு விதை தேவையில்லை. கணு உள்ள ஒரு துண்டு தண்ணீரைத் தொட்டால் போதும்.

ஆகவே கத்தரித்ததை ஏரியிலோ மழைநீர் வடிகாலிலோ போடக் கூடாது. மொட்டைமாடியில் விரித்துச் சருகாகும்வரை காயவிட்டு ரோஜாத் தொட்டியில் உரமாகப் போடலாம். தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய தண்ணீரும் அதே தொட்டிக்கு நல்லது; சாக்கடையில் ஊற்றினால் துண்டுகள் கூடவே போகும். நல்ல வாலிஸ்நேரியாக் கன்றுகளையும் விஸ்டேரியா நுனிகளையும் கட்டிக்கொண்டு போனால் வாங்கிக்கொண்டு மீன் தீனியாகவோ வேறு செடியாகவோ தரும் கடைகள் இருக்கின்றன. உங்கள் தண்ணீரிலேயே வளர்ந்த அந்தக் கட்டு, அதே பகுதியில் அதே போர் தண்ணீரை வைத்துக்கொண்டு தொட்டி தொடங்கும் ஒருவருக்குப் பண்ணைச் செடியைவிட நன்றாகப் பிடிக்கும். வாங்கும்போது நீங்களும் கடைக்காரரிடம் அதையே கேட்கலாம்: "யாராவது வீட்டுத் தொட்டியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கட்டு ஏதும் இருக்காண்ணா?"